டீபக் கர்னலில் மட்டும் விழும் நெட்வொர்க் டெஸ்ட்கள்: நேர வரம்பைக் கூட்டலாமா?

கேள்வி:
லினக்ஸ் கர்னலின் நெட்வொர்க் செல்ஃப்டெஸ்ட்கள் (கர்னலோடு வரும் சோதனைகள்) சாதாரண பில்டில் எல்லாம் பாஸ். கேசான் (நினைவகப் பிழை பிடிக்கும் கருவி), லாக்டெப் (பூட்டுப் பிழை பிடிக்கும் கருவி) போட்ட டீபக் பில்டை விர்ச்சுவல் மெஷினில் ஓட்டினால், பாக்கெட் குறித்த நேரத்தில் போகிறதா என்று பார்க்கும் சோ_டிஎக்ஸ்டைம் டெஸ்ட் அடிக்கடி விழுகிறது. இன்னொரு டெஸ்டில் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. எல்லா நேர வரம்பையும் பத்து மடங்காக்கிவிடலாமா?

பதில் 1:
வேண்டாம், இரண்டும் வெவ்வேறு கோளாறு. ரெஃப்யூஸ்டு வருவது டெஸ்டின் தப்பு. சர்வரைப் பின்னணியில் கிளப்பிவிட்டு 'ஸ்லீப் 1' போட்டிருப்பார்கள். மெதுவான மெஷினில் அதற்குள் போர்ட் திறந்திருக்காது. அந்த வரியை எடுத்துவிட்டு வெயிட்_லோக்கல்_போர்ட்_லிசன் என்ற உதவிச் செயல்பாட்டைப் போடுங்கள். போர்ட் கேட்கத் தொடங்கிவிட்டதா என்று 0.1 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும். வேகமான மெஷினிலும் நேரம் வீணாகாது.

சோ_டிஎக்ஸ்டைம் நிஜமாகவே நேரத்தைத்தான் சோதிக்கிறது. சில மில்லிவிநாடி தாமதம்தான் தாங்கும்; கேசானோ ஒவ்வொரு நினைவக அணுகலையும் சரிபார்ப்பதால் எல்லாம் மெதுவாகும். வரம்பைப் பத்து மடங்காக்கினால் உண்மையான பிழையும் தப்பிவிடும். கேஎஸ்எஃப்டி_மெஷின்_ஸ்லோ=யெஸ் என்று சூழல் மாறியை வைத்து, அப்போது மட்டும் தோல்வியை எக்ஸ்ஃபெயில் (எதிர்பார்த்த தோல்வி, வெளியேறு குறி 2) ஆக்குங்கள். நேரச் சோதனைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. பாக்கெட் தொலைந்தாலோ வரிசை மாறினாலோ ஃபெயில்தான்.

பதில் 2:
டெஸ்டை ஓட்டாமலே ஸ்கிப் (வெளியேறு குறி 4) மட்டும் செய்துவிடாதீர்கள். விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழையைக் கேசான் பிடிக்க அந்தக் கோட் ஓடியாக வேண்டும். ஓட்டி முடித்ததும், கேசான் எச்சரிக்கை உண்டா என்று கர்னலின் செய்திப் பதிவை (dmesg) பாருங்கள்.

பாதியில் நின்றால் அது வேறு: ஒரு டெஸ்ட் ஓட இயல்பான நேர வரம்பு 45 விநாடிதான். அந்த டெஸ்ட் இருக்கும் அடைவிலுள்ள செட்டிங்ஸ் கோப்பில் டைம்அவுட்டைக் கூட்டுங்கள்.