ஆர்கான் டேங்குக்குள் ஒரு மதியம்

எங்கள் பட்டறையில் ஆர்கான் வாயுவால் நடந்ததைச் சொல்கிறேன். 16 வருடமாக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) வேலை செய்கிறேன், பெரும்பாலும் பால் டேங்க், பைப்லைன். டிக் வெல்டிங் என்று சொன்னால் எங்கள் பக்கம் பலருக்குப் புரியாது. ஆர்கான் வெல்டிங் என்றுதான் பெயர்.

பைப்பின் வெளியே எவ்வளவு அழகாக வெல்டிங் ஓட்டினாலும், உள்ளே ஆர்கான் விட்டு காற்றை வெளியேற்றாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொரிந்துவிடும். அந்தப் பொரியில் பால் தங்கிக் கெடும். அப்படி ஆர்கான் விடுவதற்குப் பர்ஜிங் என்று பெயர். அது இல்லாமல் நான் வெல்டிங் டார்ச்சையே தொடுவதில்லை.

அன்றைக்கு 4 அடி விட்டத்தில் நிற்கும் டேங்க், வழி மேலே மட்டும்தான். சாப்பிடப் போகும்போது உள்ளே கிடந்த பர்ஜிங் ஹோஸை மூட மறந்துவிட்டோம். நிமிடத்துக்கு 10 லிட்டர், ஒரு மணி நேரத்தில் 600 லிட்டர். ஆர்கான் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம். கலக்காமல் படிந்தால் அந்த டேங்கில் ஒன்றே முக்கால் அடிக்கு நிற்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

தம்பி ஒருவன் ஏணியில் இறங்கி நின்றான், ஒன்றும் ஆகவில்லை. கீழே விழுந்த ஃபில்லர் ராடை (வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) எடுக்கக் குனிந்தவன் அப்படியே சாய்ந்து ஏணியைப் பிடித்தான். "எந்திரிடா, மேல வா" என்று கத்தினேன். நல்ல வேளை, கால் நின்றது, ஏறி வந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. "மூச்சு முட்டவே இல்லண்ணே, தூக்கம் வர்ற மாதிரி இருந்துச்சு" என்றான்.

முட்டாதுதான். உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால்தான் நமக்கு மூச்சுத் திணறும். ஆர்கானை இழுத்தாலும் அந்தக் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியே போய்விடுகிறது. ஆக்சிஜன் குறைவதை உடம்பு சொல்வதில்லை. அவன் மயங்கி விழுந்திருந்தால் நான் யோசிக்காமல் உள்ளே குதித்திருப்பேன். அப்படித்தான் காப்பாற்றப் போகும் இரண்டாவது ஆளும் சாகிறான்.

அப்புறம் ஆக்சிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். வாய்ப்பக்கம் வழக்கமான 20.9 சதவீதம் காட்டியது, தரையில் 11.

இப்போது ஹோஸை வெளியே எடுக்காமல் யாரும் சாப்பிடப் போவதில்லை. புளோயர் குழாயை அடிமட்டம் வரை விட்டு உறிஞ்சுகிறோம். மேலே ஃபேன் வைத்தால் அடியில் படிந்தது சரியாக அசையாது. மீட்டரும் தரையைத் தொட்ட பிறகுதான் ஆள் இறங்குகிறான்.