மாணவர்கள் தாங்களே கற்கட்டும். குணத்துக்கும் மதிப்பெண் போட வேண்டுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை

வணக்கம். எங்கள் உயர்நிலைப் பள்ளியில் அடுத்த கல்வியாண்டில் சில மாற்றங்கள் வருகின்றன. வாரத்தில் ஒரு நாள் பாடவேளை கிடையாது. மாணவர்கள் ஆளுக்கொரு கேள்வியை எடுத்துக்கொண்டு தாங்களே விடை தேடுவார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியருக்குப் பதிலாக மாணவரே தன் படிப்பின் நிலையை எடுத்துச் சொல்வார். கூடவே நேர்மை, பொறுமை, பிறருக்கு உதவுதல் ஆகியவற்றுக்குத் தலா 10 மதிப்பெண் கொண்ட நற்பண்பு அட்டை ஒன்றும் வருகிறது.

முதல் இரண்டையும் முழுமனதுடன் வரவேற்கிறேன். அட்டைதான் உறுத்துகிறது. ஒருத்தியின் பொறுமைக்கு 7 என்று எதை வைத்துப் போடுவேன்? ஆனால் "குணத்தை வளர்க்க வேறு வழி என்ன?" என்று தலைமை ஆசிரியர் கேட்டால் என்னிடம் பதில் இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்

அம்மா, அந்த அட்டையை எதிர்த்துப் பேசுங்கள். மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் பிள்ளைகள் ஆசிரியர் கண்ணெதிரே உதவுவார்கள். நாம் பார்க்காதபோது அவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதை அட்டை எப்படிச் சொல்லும்?

பிள்ளையிடம் மெய்யான பொறுப்பைக் கொடுக்க வேண்டும். அவன் வராவிட்டால் இன்னொருவர் காத்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு மெய்யான பொறுப்பு. கர்ட் ஹான் 1934இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய கார்டன்ஸ்டன் பள்ளியில் மாணவர்கள் கடலோரக் கண்காணிப்பிலும் தீயணைப்பிலும் பணியாற்றினார்கள். பெர்லினில் 2007இல் தொடங்கப்பட்ட ஒரு பள்ளியில் 'பொறுப்பு' என்றே ஒரு பாடம் உண்டு. ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வெளியே சென்று பிறருக்காக வேலை செய்கிறார்கள். சற்று மூத்தவர்களுக்கு 'சவால்': 150 யூரோ, மூன்று வாரம், சிறு குழுவாக ஒரு பயணம். திட்டம் முழுக்க அவர்களுடையது. பெரியவர் ஒருவர் உடன் செல்வார், ஆனால் வழிநடத்த மாட்டார்.

பெற்றோர் கூட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அதை நான் பல ஆண்டுகள் நடத்தினேன். தயாரிப்பு இல்லாமல் விட்டால் பிள்ளை மனப்பாடமாக நான்கு வாக்கியம் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடும். மூன்று பொருட்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள்: தனக்குப் பெருமை தரும் ஒரு வேலை, முதல் வரைவிலிருந்து கடைசி வரைவு வரை சேர்த்து வைத்த ஒரு வேலை, சரியாக வராத ஒன்று. மூன்றாவதில்தான் பேச்சு உயிர்பெறும். ஒரு மாணவி, பிழையாகிப்போன ஆய்வக அறிக்கையைத் தந்தையின் முன் விரித்து, "அளவீட்டை என் தோழியிடமிருந்து பார்த்து எழுதினேன், அதனால்தான் வரைபடம் பொருந்தவில்லை" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். தந்தை கோபப்படவில்லை, "மறுபடி அளந்தாயா?" என்று மட்டும் கேட்டார். நேர்மைக்கு 10 மதிப்பெண் என்ற அட்டை மேசையில் இருந்திருந்தால் அவள் வாய் திறந்திருப்பாளா?

அந்த அரை மணி நேரமும் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மிகவும் கடினம்!

பதில்: ஒரு தாய்

ஐயா சொல்வது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் என் மகன் கூச்ச சுபாவம் உள்ளவன். "உனக்குப் பிடித்த கேள்வியை எடுத்துக்கொள்" என்றால் நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வாய்ச்சாலகம் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் பயன்படும் ஏற்பாடாகிவிடாதா?

பதில்: மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்

உங்கள் கவலை நியாயமானது, சகோதரி. சுதந்திரத்தோடு ஒரு சட்டகமும் தேவை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மான்யுமெண்ட் மவுண்டன் பள்ளி மாணவர்கள் 2010இல் தாங்களே வடிவமைத்து நடத்திய திட்டத்தில் அது இருந்தது. திங்கள்கிழமை கேள்வி, வெள்ளிக்கிழமை சக மாணவர்களுக்கு விளக்கம். தன் விளக்கத்துக்காக நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்பதே பலரை எழுப்பி உட்கார வைக்கும். கூச்சம் உள்ள பிள்ளை முதலில் ஒரே ஒரு நண்பனுக்கு விளக்கட்டும். கேள்வியே தோன்றாவிட்டால், பாடப்புத்தகத்தில் புரியாமல் விட்ட ஒரு வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் "எதிர்ம எண்ணை எதிர்ம எண்ணால் பெருக்கினால் ஏன் நேர்ம எண் வருகிறது?" என்ற கேள்வி அப்படித்தான் பிறந்தது. அதைக் கேட்டவன் அதற்கு முன் வகுப்பில் பேசியதே இல்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அட்டைக்குப் பதிலாக, ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம் வாசிப்பில் துணை நிற்கலாம் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். ஐயா, பெற்றோரும் அந்த அரை மணி நேரம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு குறிப்புத் தயாரிக்க உதவ முடியுமா?

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்

கட்டாயம். "வகுப்பில் எத்தனையாவது இடம்?" என்பதைக் கூடாதவற்றில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மீதியை இன்று மாலை இங்கேயே பதிவிடுகிறேன்.