பிரம்ம கமலம் இலை அழுகுது, காப்பாத்த முடியுமா?

கேள்வி: அம்மா வளர்த்த செடி அவங்களோடவே போயிடுச்சு. அவங்க கொடுத்து பக்கத்து வீட்டு அக்கா வளர்த்த செடியிலிருந்து ரெண்டு இலை வாங்கி, அன்னைக்கே செம்மண்ணுல நட்டு தினமும் தண்ணி ஊத்தினேன். பத்தே நாள்ல அடி கொழகொழன்னு ஆயிடுச்சு.

பதில்: அழுகினதை நல்ல பச்சை தெரியுற வரைக்கும் வெட்டிடுங்க. ஒரு வாரம் நிழல்ல போடுங்க, வெட்டுவாய் காயணும். அப்புறம் மணல், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் கலந்து ரெண்டு அங்குலம் நடுங்க. தலைகீழா நட்டுடாதீங்க. கள்ளி இனம்தான், ஆனா மெக்சிகோ காட்டுல மரத்து மேல வளர்றது. இறுகின மண் ஆகாது.

இன்னொரு பதில்: உச்சி வெயில் வேண்டாம். எனக்குப் பூக்க மூணு வருஷம் ஆச்சு. ராத்திரி விரிஞ்சப்ப வீடே மணத்துச்சு.

கேட்டவர்: ஒரு இலையில ஒரு சாண் பச்சை மிச்சமிருக்கு. வெட்டி ஜன்னலோரம் வச்சிட்டேன்.