பழைய காருக்குப் பெரிய எஞ்சின்: மாற்றியவர்கள், மாற்றாதவர்கள் அனுபவம்

சேலம், அம்பாசிடர் மார்க் 3, 1977

அம்பாசிடருக்கு எந்த எஞ்சின் போடலாம் என்று விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் எத்தனை குதிரைத்திறன் கிடைக்கும் என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கியர்பாக்ஸ், கிரவுன் பினியன் (பின் அச்சைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்கள்), பிரேக் மூன்றும் எவ்வளவு தாங்கும் என்று முதலில் பாருங்கள், எஞ்சினை அதற்குப் பிறகு தேடுங்கள் என்பதுதான் என் கருத்து. எங்கள் வீட்டு வண்டியில் நான் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

வண்டியோடு வந்தது 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் எஞ்சின். போர் (சிலிண்டரின் விட்டம்) 73 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ. ஸ்ட்ரோக் நீளமாக இருப்பதால் குறைந்த வேகத்தில் இழுவை நன்றாகவே இருக்கும். டவுனுக்குள் டாப் கியரிலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு போகலாம். பைபாஸில் ஏறினால்தான் கஷ்டம் தெரியும். 80ஐத் தாண்டியதும் எஞ்சின் கத்த ஆரம்பிக்கும், பேசுவது காதில் விழாது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில் ஐந்து பேர் உட்கார்ந்து ஏற்காடு ஏறினால் 20 கொண்டை ஊசியிலும் இரண்டாவது கியர்தான், சில இடங்களில் முதல் கியர். அந்தப் பழைய பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் பாகம்) கிடையாது. வண்டி முழுவதுமாக நிற்காமல் போட்டால் பல் நறநறக்கும்.

மூன்று வழிகளை யோசித்தேன். வேன் டீசல் எஞ்சின் மலிவாகக் கிடைத்தது. ஆனால் அதன் எடை முழுவதும் முன் டார்ஷன் பார் (முன்பக்க எடையைத் தாங்கும் முறுக்குக் கம்பி) மேல் இறங்கும். முன்பக்கம் தாழ்ந்துபோன, ஸ்டீயரிங் கல்லாகிவிட்ட டீசல் அம்பாசிடர்களை நானே ஓட்டியிருக்கிறேன். இறக்குமதி ஜப்பான் எஞ்சின் இரண்டாவது வழி. அது பவரில் குறைவில்லாதது. ஆனால் மவுண்டிங், பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) என்று ஒவ்வொன்றையும் லேத் பட்டறையில் புதிதாகச் செய்ய வேண்டும். பத்து வருஷம் கழித்து ஒரு வாட்டர் பம்ப் போனால் எங்கே தேடுவது?

மூன்றாவது இசுசு 1.8 பெட்ரோல். அம்பாசிடர் கம்பெனியே செய்த கான்டெசா கிளாசிக் காரில் வந்த 1817 சிசி எஞ்சின். அதையே 1990களில் கம்பெனி அம்பாசிடரிலும் போட்டு 1800 ஐ.எஸ்.இசட். என்று விற்றது. அம்பாசிடர் பாடிக்குள் அந்த எஞ்சினை எப்படி உட்கார வைப்பது என்பதைக் கம்பெனிக்காரர்களே யோசித்து முடித்துவிட்டார்கள். நான் அதைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

2008இல், உடைப்புக்கு வந்த ஒரு கான்டெசாவிலிருந்து எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே வாங்கினேன். இரண்டையும் சேர்த்து வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்வேன். பழைய நாலு கியர் பெட்டி அந்த 1489 சிசிக்காகச் செய்யப்பட்டது. அதைவிட 30 குதிரைக்கு மேல் அதிகம் தரும் எஞ்சினை அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஐந்தாவது கியரின் அருமை வேறு. அதே 80இல் எஞ்சின் அடங்கி ஓடும். பவர் கூடியதைவிட இந்த நிம்மதிதான் பெரிது.

வாங்கும் முன் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே ஏறும் அழுத்தம்) பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பது முக்கியம். ஓடுகிற எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பாருங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், எஞ்சின் தேய்ந்திருந்தால் கலகலவென்று சத்தம் வரும். விற்பவர் முன்னாடியே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

தரையை வெட்டி ஃப்ளோர் கியர் கொண்டுவர வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும், மாற்றியபின் பேலன்ஸ் பார்க்காமல் விட்டால் 60க்கு மேல் தரை முழுக்க அதிரும். ரேடியேட்டர் பெரியது வேண்டும். கியர் லீவர் நடுவில் வந்துவிடுவதால் முன் நீள சீட்டில் மூன்று பேர் உட்காரும் வசதி போய்விடும். எங்கள் வீட்டில் அதுதான் பெரிய வருத்தம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக் வேலையை முடித்தோம். நாலு சக்கரத்திலும் ட்ரம் வைத்த வண்டி அது. பின்னாளில் வந்த அம்பாசிடரின் முன் டிஸ்க்கையும், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் வேக்கம் பூஸ்டரையும் போட்டு, பழைய எஞ்சினோடே ஏற்காடு ஏறி இறங்கிப் பார்த்தேன். அடிவாரத்தில் நிறுத்தினபோது பிரேக் காந்தல் வாசனை இல்லை. அப்புறம்தான் எஞ்சினை இறக்கச் சொன்னேன்.

ஆர்.சி. விஷயம் ஒன்று இருக்கிறது. 2008இல் எனக்கு எஞ்சின் மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றித் தந்தார்கள். இன்று அதே வழி உங்களுக்கும் திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், பதில் கைக்கு வந்தபிறகு எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ்காரர் கைவிரிக்க வாய்ப்பு அதிகம்.

சென்னை, அம்பாசிடர் மார்க் 2, 1971

சேலம் சார், நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். எங்கள் வண்டிக்கும் பெரிய எஞ்சின் போடச் சொல்லிப் பலர் ஆசை காட்டினார்கள். பழையதையே பிரித்துப் புதுசாக்கினேன். சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், ஹெட்டை லேசாகச் சீவி வால்வ் சீட் புதிது, கார்ப்பரேட்டர் முழு சர்வீஸ். அலைந்தது புதுப்பேட்டையில்தான். ஒரு கடையில் பிஸ்டன், இன்னொன்றில் பேரிங். ஒருநாள் முழுக்கச் சுற்றியும் தேடின கேஸ்கட் செட் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியதுண்டு.

ஒரு காரணம் பாசம். இன்னொன்று 2021இல் வந்த வின்டேஜ் விதி. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டின வண்டியை, அசல் வடிவத்தில் இருந்தால், வின்டேஜாகப் பதியலாம். சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் ‘விஏ’ எழுத்து வரும். எஞ்சினை மாற்றினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். ஆனால் ஒன்று, வின்டேஜாகப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பட்டறைக்குப் போக என்று சிலவற்றுக்கு மட்டும்தான். எனக்கு அது போதும். வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கிறது.

நல்ல நிலையிலுள்ள 1489 சிசி எப்படி ஓடும் என்பதே இன்று பலருக்குத் தெரியாது. தேய்ந்துபோன எஞ்சினை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘இதில் பவர் இல்லை’ என்கிறார்கள். மாற்ற நினைப்பவர்கள் முதலில் அதே எஞ்சின் ஒன்றை நல்ல நிலையில் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அந்த எண்ணமே போய்விடும்.

யாழ்ப்பாணம், மொறிஸ் மைனர் 1000

சேலம் அண்ணை பிரேக்கைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கட மைனரில் இருந்தது 948 சிசி. 1990களில் பெற்றோல் தடை இருந்த காலம் முழுக்க அது மண்ணெண்ணெயில் ஓடினது. கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழிய இறங்கி ஒயிலோட கலந்து, ஒயில் தண்ணி மாதிரி ஆகிவிடும். ஊரில அப்படி ஓடின பழைய கார்கள் கனபேருடைய உயிரைக் காப்பாற்றியிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேற வாகனம் எங்க இருந்தது? ஆனால் எங்கட எஞ்சின் அதோட தேய்ந்துபோச்சு.

மாற்ற வேண்டி வந்தபோது டற்சன் எஞ்சின் போடச் சொல்லிக் கராஜ்காரர் சொன்னார். இஞ்ச நிறையப் பேர் போட்டிருக்கினம், நல்லாத்தான் ஓடுது. நான் 1098 சிசி எடுத்தேன். மொறிஸ் கம்பனியே 1962இல் மைனருக்குப் போட்ட எஞ்சின், அதே குடும்பம். 37 குதிரை 48 ஆகுது, அந்தச் சின்ன உடம்புக்கு அது தாராளம். 1098 வந்தபோது கம்பனி முன் பிரேக் ட்ரம்மையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினது. 11 குதிரை கூடினதுக்கே அவர்கள் பிரேக்கைப் பெருப்பித்தவர்கள் என்றால், இரண்டு மடங்கு பவர் போடுகிறவர்கள் என்ன செய்ய வேணும் என்று யோசியுங்கோ. நானும் 8 அங்குல ட்ரம் தேடிப் போட்டனான்.

இன்னொன்று, மைனர் பொசிட்டிவ் ஏர்த், அதாவது பற்றறியின்ர பொசிட்டிவ் முனைதான் வண்டியின்ர பொடியோட இணைஞ்சிருக்கும். டைனமோவைக் கழற்றி அல்ரனேற்றர் போடுகிறவர்கள் முதலில் நெகட்டிவ் ஏர்த்துக்கு மாற்றுங்கோ. மறந்தால் அல்ரனேற்றர் உடன எரிஞ்சு போகும்.

நாகர்கோவில், கான்டெசா, 1986

என்னுடையது கான்டெசாவின் முதல் வகை. அம்பாசிடரின் அதே 1489 சிசியை அந்தப் பெரிய உடம்பில் வைத்திருந்தார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் எதிர்காற்றில் லாரி ஓவர்டேக் செய்வது நடக்காத காரியம். இசுசு 1.8 மாற்றினதும் வேறு வண்டி ஆகிவிட்டது. மைலேஜ் குறையும் என்று பயந்தேன், நெடுஞ்சாலையில் அப்படி ஒன்றும் குறையவில்லை. பழையதைப் போல ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிக்க வேண்டியிருப்பதில்லை. டவுனில் கொஞ்சம் குடிக்கும்.

ஈரோடு, வாங்கப் போகிறவன்

சேலம் அண்ணா, தாத்தாவின் மார்க் 4 இருக்கிறது. கம்பெனியே போட்ட இசுசு 2.0 டீசல் போடலாமா? பெட்ரோல் செலவு தாங்காது.

சேலம், அம்பாசிடர் மார்க் 3

தம்பி, 2.0 டீசல் 1995 சிசி. நல்ல உழைப்பாளி எஞ்சின், டாக்சிக்காரர்கள் நம்பி ஓட்டினார்கள். ஆனால் குதிரைத்திறனில் உன் பழைய பெட்ரோலைவிடப் பெரிதாகக் கூடிவிடாது. இழுவை கூடும், சத்தமும் கூடும். பவருக்காக மாற்றுகிறாய் என்றால் அது உனக்கு வேண்டாம். செலவுக்காக என்றால், மாதம் எவ்வளவு தூரம் ஓட்டுவாய் என்று கணக்குப் பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டிக்கு, மாற்றுகிற செலவே பெட்ரோல் செலவைவிட அதிகமாகிவிடும். பெட்ரோலிலிருந்து டீசலுக்கு என்றால் ஆர்.சி.யில் எரிபொருளும் மாற வேண்டும், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

சென்னை சார் சொன்னதுபோல உன் எஞ்சின் தேய்ந்திருக்கலாம், முதலில் அதில் கம்ப்ரஷன் பார். நாலு எண்ணையும் இங்கே போடு, எல்லாரும் பார்த்துச் சொல்கிறோம். எதை முடிவு செய்தாலும் பிரேக்கை இப்போதே ஆரம்பித்துவிடலாம், அதற்கு யாருடைய பதிலுக்கும் காத்திருக்க வேண்டாம். இசுசு 1.8தான் என்று முடிவாகி அனுமதியும் வந்தால் சேலம் பக்கம் வா. கியர் லீவருக்குத் தரையில் எங்கே வெட்டினோம் என்று அட்டையில் அளவெடுத்து வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போ.