உதவி: பட்டாள பொம்மைக்கு அடிச்ச ஸ்ப்ரே எட்டு நாளாகியும் காயல, ஒட்டின தொப்பியும் கழண்டு விழுது

பெரம்பூர்_லோகோ (புதன், ராத்திரி 11:20)

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். அக்கா பையன் எட்டாவது படிக்கிறான், சோசியல்ல வேலூர் புரட்சி பாடம், திங்கக்கிழமை ஸ்கூல்ல எக்ஸிபிஷன். நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம், "தெர்மோகோல்ல கோட்டைய நீ கட்டு, சிப்பாய்ங்கள மாமா பாத்துக்கறேன்"னு சொல்லிட்டேன். பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு சந்துல பச்சை கலர் பட்டாள பொம்மை ஒரு பாக்கெட் வாங்கினேன், 12 இருந்துச்சு, அதுல ஒண்ணு கை உடைஞ்சே வந்துச்சு. பரண்ல என்னோட சின்ன வயசு பொம்மை ரெண்டு கிடந்துச்சு, அதையும் சேத்து மொத்தம் 13 ஆளு. ஹெல்மெட்ட கத்தியால சீவி, ஹார்ட்வேர் கடையில வாங்கின கிரே ஸ்ப்ரே ஒரு கோட்டு அடிச்சு, அது மேலயே எம்-சீல்ல தொப்பி செஞ்சு வச்சேன்.

இன்னியோட எட்டு நாள் ஆச்சு. புது பொம்மை 11-உம் இன்னும் பிசுபிசுன்னு இருக்கு, தொட்டா கைரேகை விழுது, தூசி, முடி எல்லாம் ஒட்டிக்கிட்டு பலாப்பழம் மாதிரி ஆயிடுச்சு. தொப்பி ஒண்ணொண்ணா கழண்டு விழுது, விழும்போது பெயிண்டையும் சேத்து உரிச்சிட்டு வருது. பழைய பொம்மை ரெண்டு மட்டும் மறுநாளே காஞ்சிடுச்சு, ஆனா துப்பாக்கிய லேசா வளைச்சா வெங்காயத் தோல் மாதிரி பெயிண்ட் உரியுது. ஒரே டப்பா, ஒரே மொட்டைமாடி, ஒரே நாள்ல அடிச்சது. என்ன தப்பு பண்ணேன்னே புரியல. இன்னொரு கோட்டு அடிக்கவா?

வெயில்_மண்டை (புதன், 11:41)

ப்ரோ இது மழை சீசன், காத்துல ஈரம் ஜாஸ்தி. நம்ம ஊர்ல இந்த மாசத்துல துணியே காயாது, பெயிண்ட் எங்க காயும். ஃபேனுக்கு கீழ வச்சிட்டு இன்னும் ரெண்டு நாள் பாருங்க, இல்லன்னா ஹேர் டிரையர் காட்டுங்க.

பெரம்பூர்_லோகோ (புதன், 11:48)

டிரையரும் காட்டிட்டேன் ப்ரோ. சூட்டுல இன்னும் மோசமா இளகுது.

தூரிகை_72 (வியாழன், காலை 6:15)

இன்னொரு கோட்டு அடிக்காதீங்க. ஹேர் டிரையரையும் எடுத்து உள்ள வச்சிடுங்க.

ஈரம்னா எல்லா பொம்மையும்தான் காயாம இருக்கணும், ரெண்டு மட்டும் எப்படி காயும்? ஈரக்காத்துல ஸ்ப்ரே அடிச்சா வேற மாதிரி கெடும், வெள்ளையா பூஞ்சை பூத்த மாதிரி மங்கிப்போகும், அதுவும் மேட் வார்னிஷ் (பளபளப்பு இல்லாத மேல்பூச்சு) அடிக்கும்போதுதான் ரொம்ப. எட்டு நாள் பிசுபிசுப்புக்கு அது காரணம் இல்ல. எனக்கு பிளாஸ்டிக் மேலதான் சந்தேகம்.

ரெண்டு டெஸ்ட் பண்ணிட்டு சொல்லுங்க. அதே ஸ்ப்ரேய ஒரு டின் மூடி மேல அடிச்சு நாளைக்கு தொட்டு பாருங்க. அப்புறம் அந்த கை உடைஞ்ச பொம்மை, அதுக்கு பெயிண்ட் அடிக்கலல்ல? அதை பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு நல்லா தேச்சு கழுவிட்டு ஒரு டம்ளர் தண்ணில போடுங்க. பழைய பொம்மையில ஒண்ணையும் போடுங்க. உடம்புல காத்துக்குமிழி ஒட்டியிருந்தா தட்டி விட்டுட்டு, மிதக்குதா முழுகுதான்னு பாருங்க.

சும்மா_எட்டிப்பாத்தேன் (வியாழன், 9:02)

காலங்காத்தால சிப்பாய டம்ளர்ல போட்டு முழுகடிக்க சொல்றாங்க, நல்ல குரூப்பு 😂

பெரம்பூர்_லோகோ (வெள்ளி, காலை 7:30)

தூரிகை அண்ணே, மூடி மேல அடிச்சது ராத்திரியே காஞ்சிடுச்சு, நகத்தால கீறினாகூட வரல. டம்ளர்ல புது பொம்மை கல்லு மாதிரி அடில போயிடுச்சு, பழசு மிதக்குது! வீட்ல எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க, அம்மா மட்டும் "காபி டம்ளரா கிடைச்சுது உனக்கு"ன்னு ஒரே திட்டு.

தூரிகை_72 (வெள்ளி, 8:10)

அப்போ சரி, மாட்டிக்கிச்சு.

முழுகறது மெத்து பிவிசி. பிவிசி இயல்புல கெட்டியான சாமான், நம்ம வீட்டு தண்ணி பைப்பு அதுதான். அதை பொம்மைக்கு மெத்துன்னு ஆக்கறதுக்கு எண்ணெய் மாதிரி ஒரு திரவத்த கலப்பாங்க, பிளாஸ்டிசைசர்னு பேரு. அது பிளாஸ்டிக்கோட நிரந்தரமா பிணைஞ்சு இருக்காது, மெதுவா வெளிய வந்துக்கிட்டே இருக்கும். ஸ்ப்ரேல இருக்கற தின்னர் பிளாஸ்டிக்க லேசா இளக்கி விட்டுடுச்சா, அந்த எண்ணெய் நேரா பெயிண்டுக்குள்ள ஏறிடுச்சு. இப்போ உங்க பெயிண்டே மெத்து பெயிண்ட் ஆயிடுச்சு, எட்டு நாள் இல்ல எட்டு மாசம் ஆனாலும் அப்படியேதான் இருக்கும். சூடு காட்டினா இன்னும் வேகமா ஏறும், அதான் டிரையர்ல இளகுச்சு.

மிதக்கறது பாலிஎத்திலீன். அது தண்ணிய விட லேசு. அதுல எண்ணெய் பிரச்சனை கிடையாது, ஆனா மெழுகு மாதிரி வழவழப்பு, எதுவும் பிடிக்காது. பெயிண்ட் மேல ஒரு சட்டை மாதிரி சும்மா போத்திக்கிட்டு இருக்கும், வளைச்சா சட்டை கிழியும். 1/72 அளவுல (நிஜ ஆளுல 72-ல ஒரு பங்கு) பாக்ஸ்ல வர்ற குட்டி சிப்பாய்ங்க நிறைய இந்த மாதிரி மெத்து பிளாஸ்டிக்தான், நான் அதுல பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். (மாடல் கிட்ல வர்ற கெட்டி பாலிஸ்டைரீன்னா அதுவும் முழுகும், ஆனா உப்ப நல்லா கரைச்ச தண்ணில மிதந்துடும். பிவிசி உப்புத்தண்ணிலயும் முழுகும்.)

இப்போ பரிகாரம். பிவிசி ஆளுங்கள டெட்டால்ல, தண்ணி கலக்காம, ஒரு ராத்திரி ஊற வைங்க. முதல்ல ஒரே ஒரு பொம்மைய போட்டு பாருங்க, உருவம் கெடலன்னா மத்தது. க்ளவுஸ் போட்டுக்கங்க, தோலு எரியும். பழைய டூத் பிரஷ்ஷால டெட்டால்லயே தேச்சு எடுத்துட்டு, அப்புறம்தான் சோப்பு தண்ணி. அவசரப்பட்டு நேரா தண்ணில காட்டினா கரைஞ்ச பெயிண்டு பசையாகி முழுக்க அப்பிக்கும், அது ஸ்ப்ரேய விட கொடுமை. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, பொம்மையே இளகிடும். கழுவி காஞ்ச அப்புறம் ஸ்ப்ரே, எனாமல் எதுவும் வேணாம், தண்ணில கரையற ஆக்ரிலிக்க நேரா பிரஷ்ல ரெண்டு மெல்லிசு கோட்டு. பிவிசில அது நல்லாவே நிக்கும்.

மிதக்கற ரெண்டுக்கும் பெயிண்ட உரிச்சு எடுத்துட்டு சோப்புல கழுவி, ஃபெவிகால்ல தண்ணி கலந்து மெல்லிசா ஒரு கோட்டு, காஞ்சதும் அது மேல ஃபேப்ரிக் கலர். துணிக்கு போடற கலர் வளைஞ்சு கொடுக்கும், சும்மா ஆக்ரிலிக் அளவுக்கு வெடிக்காது. ஃபெவிகால் நம்ம ஊரு ஈரத்துல இளகும், அதனால கடைசியில ஆக்ரிலிக் வார்னிஷ் ஒரு கை.

வெயில்_மண்டை (வெள்ளி, 8:31)

சரி நான் தோத்தேன் 🙏 ஆனா என் துணி உண்மையாவே காயல

கொசப்பேட்டை_கொலு (வெள்ளி, 10:45)

தம்பி, கலர் பத்தி ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். எங்க வீட்ல கொலு பொம்மைக்கு கலர் தீட்டறது பரம்பரையா வருது, மண்ணு பொம்மைதான், பிளாஸ்டிக் எனக்கு தெரியாது, கலர் தெரியும். கடையில சதை கலர்னு ஒரு டியூப் விப்பான், ரோஸா இருக்கும், அதை எடுத்து பூசினா உங்க சிப்பாய் மெட்ராஸ் ஆளாட்டம் இருக்கமாட்டான், வெயில்ல நின்ன வெள்ளைக்காரனாட்டம் இருப்பான். பர்ன்ட் சியன்னாவோட (செம்பழுப்பு) எல்லோ ஆக்கர் (மங்கின மஞ்சள்) கொஞ்சம் சேத்துக்க, ஒவ்வொருத்தனுக்கும் அளவ கொஞ்சம் மாத்து, பத்து பேரு ஒரே நிறத்துல நின்னா பொம்மைன்னு காட்டிக்கொடுத்துடும். நிழலுக்கு கருப்பு தொடாத, பர்ன்ட் அம்பர (கரும்பழுப்பு) தண்ணியா கரைச்சு மடிப்புல ஓட விடு. முதல்ல முகம், கை கால், அப்புறம் துணி, கடைசியிலதான் வெள்ளை பெல்ட். சிவப்ப டப்பாலேர்ந்து அப்படியே வைக்காத, துளி பிரவுன் சேரு. கண்ணு வரையணும்னு ஆசைப்படாதப்பா, இவ்ளோ சின்ன முகத்துல கண்ணு வச்சா எல்லாம் பேயறைஞ்ச மாதிரி முழிக்கும். புருவத்துக்கு கீழ ஒரு கோடு போதும்.

பெரம்பூர்_லோகோ (வெள்ளி, 11:05)

அக்கா சூப்பர், நான் அந்த ரோஸ் டியூப்தான் வாங்கி வச்சிருந்தேன் 🙈

தொப்பிக்கு என்ன பண்றது? 13-ம் பண்ணி வச்சிருக்கேன், வட்ட தொப்பி, முன்னாடி தோல் குஞ்சம் எல்லாம் வச்சு. அத ஒட்ட சூப்பர் க்ளூ போதுமா? துப்பாக்கியும் பிரச்சனை, மெஷின் கன் மாதிரி இருக்கு, பாதி முருங்கைக்காய் மாதிரி வளைஞ்சும் போச்சு.

கோட்டை_அகழி (வெள்ளி, மதியம் 1:20)

சார் ஒரு நிமிஷம். வட்ட தொப்பி, தோல் குஞ்சமா? 13 பேருக்குமா?

நான் வேலூர்ல பொறந்து வளந்தவன், இப்போ வேளச்சேரில இருக்கேன், இத படிச்சதும் சிரிப்ப அடக்க முடியல. எந்த தொப்பிய போடமாட்டோம்னு அந்த சிப்பாய்ங்க சண்டை போட்டாங்களோ அதையே செஞ்சு எல்லார் தலையிலயும் ஒட்டி வச்சிருக்கீங்க. 1805 நவம்பர்ல மெட்ராஸ் ராணுவத்துல புது உத்தரவு வந்துச்சு, நெத்தியில மத அடையாளம் வைக்கக்கூடாது, தாடி எடுக்கணும், மீசைய ஒரே மாதிரி வெட்டணும், தலையில ஐரோப்பிய தொப்பி மாதிரியான புது தலைப்பாகை, அதுல தோல் குஞ்சம். ஜான் கிரடாக்தான் அப்போ படைத்தளபதி. மாட்டேன்னவங்கள இங்க ஜார்ஜ் கோட்டைக்கு கொண்டுவந்து தண்டிச்சாங்க. திப்புவோட பசங்க வேலூர் கோட்டைக்குள்ளதான் காவல்ல இருந்தாங்க, எல்லாம் சேந்து 1806 ஜூலை 10 விடிகாலையில வெடிச்சுது.

அதனால உங்க எம்-சீல் தொப்பி கழண்டு விழறது சரித்திரப்படி ரொம்ப கரெக்டு. திரும்ப ஒட்டாதீங்க. நாலஞ்ச தரையில கிடக்கற மாதிரி போட்டுடுங்க, ஒருத்தன் காலடியில ஒண்ணு. ஆளுங்களுக்கு பழைய மாதிரி துணி தலைப்பாகை கட்டி விடுங்க. டீச்சர் கேட்டா பையன் சொல்றதுக்கும் ஒரு கதை ஆச்சு. அப்புறம் கால்ல பூட்ஸ் இருந்தா சீவிடுங்க, சிவப்பு கோட்டு, தொடை வரைக்கும் வெள்ளை அரை நிஜாரு, கீழ வெறுங்காலு இல்ல செருப்பு, இதுதான் அந்த கால மெட்ராஸ் சிப்பாய். முதுகுல இருக்கற நவீன பேக்கையும் எடுத்துடுங்க.

தூரிகை_72 (வெள்ளி, 2:00)

அகழி சொல்றதுதான் சரி, தொப்பி விழுந்ததே அதிர்ஷ்டம். (விழுந்த காரணம் பசை இல்ல, காயாத பெயிண்ட் மேல வச்சது. எதை ஒட்டினாலும் வெறும் பிளாஸ்டிக் மேல ஒட்டுங்க, அந்த இடத்த உப்புத்தாள்ல சொரசொரன்னு ஆக்கிட்டு.)

தலைப்பாகைக்கு எம்-சீல்ல பிசைஞ்சு நூல் மாதிரி உருட்டி, மண்டைய சுத்தி முறுக்கு சுத்தற மாதிரி சுத்துங்க, விரல தண்ணில நனைச்சுக்கங்க, பல்குத்தும் குச்சியால மடிப்பு கீறுங்க. ஒரு தடவைக்கு ரெண்டு தலைக்கு மேல பிசையாதீங்க, கெட்டியாயிடும். இன்னும் சுலபம்னா டிஷ்யூ பேப்பர ஃபெவிகால் தண்ணில நனைச்சு அப்படியே கட்டுங்க, காஞ்சா நிஜ துணி மடிப்பு மாதிரியே இருக்கும். நேரம் கம்மி, நானா இருந்தா டிஷ்யூதான்.

துப்பாக்கி: வளைஞ்சத கொதிக்கற தண்ணில அரை நிமிஷம் முக்கி நேராக்கி உடனே ஐஸ் தண்ணில விட்டா நிக்கும். ஆனா உங்களுக்கு அந்த துப்பாக்கியே வேணாமே, வெட்டி எறிங்க. பொம்மை 54 மி.மீ. உயரம்னு வச்சிக்கிட்டா 1/32 அளவு. கிழக்கிந்திய கம்பெனி சிப்பாய் வச்சிருந்த மஸ்கட்டுக்கு (அந்த காலத்து நீளத் துப்பாக்கி) குழல் மட்டும் 39 அங்குலம், அதை 32-ஆல வகுத்தா ஏறக்குறைய 31 மி.மீ. ஊதுபத்தி குச்சி இருக்குல்ல, மருந்து எரிஞ்சுபோன மூங்கில், அதான் குழல். முனையில பேயனட் (துப்பாக்கில மாட்டுற குத்துக்கத்தி) 17 அங்குலம், 13 மி.மீ. சுமாருக்கு குண்டூசிய வெட்டி வைங்க. கட்டைக்கு ஐஸ்கிரீம் குச்சி சீவினா போதும். கையில ஒட்டறதுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல சர்க்யூட் போர்டுக்கு ஓட்டை போடற 0.8 மி.மீ. டிரில் பிட் கிடைக்கும், விரல்லயே உருட்டி ஓட்டை போட்டு கம்பி சொருகி அப்புறம் க்ளூ. மிதக்கற பொம்மைக்கு இந்த கம்பி கட்டாயம், வெறும் க்ளூ அதுல நிக்கவே நிக்காது. ஊசிய காய்ச்சி குத்தலாம்னு யாராவது சொல்வாங்க, பிவிசில அத பண்ணாதீங்க, வர்ற புகை மூக்கு தொண்டைய அரிக்கும்.

சும்மா_எட்டிப்பாத்தேன் (வெள்ளி, 2:25)

ஊதுபத்தி குச்சில துப்பாக்கியா, சாமி கண்ண குத்தும் பாத்துக்கங்க

கோட்டை_அகழி (வெள்ளி, 2:40)

நாளைக்கு சனிக்கிழமைதானே, முடிஞ்சா பையன கூட்டிட்டு ஜார்ஜ் கோட்டை மியூசியம் போயிட்டு வாங்க, பழைய சீருடை, வாளு, துப்பாக்கி எல்லாம் நேர்ல பாக்கலாம். வெள்ளிக்கிழமைதான் லீவு.

பெரம்பூர்_லோகோ (ஞாயிறு, ராத்திரி 10:50)

அப்டேட். டெட்டால் வேலை செஞ்சுது, வீடே ஆஸ்பத்திரி வாடை. முதல் பொம்மைய அண்ணன் சொன்னத மறந்துட்டு நேரா குழாய்ல காட்டிட்டேன், தார் உருண்டை மாதிரி ஆயிடுச்சு, அவன அகழில விழுந்தவன்னு கணக்கு பண்ணி நீலப் பேப்பர் மேல குப்புற போட்டாச்சு. மீதி பத்து பேரும் சுத்தம். ஆக்ரிலிக் மூணு மணி நேரத்துல தொட்டா ஒட்டல, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. தலைப்பாகை டிஷ்யூதான், அதுக்கு மட்டும் எங்க அக்கா உக்காந்து கட்டி விட்டா, என்னோடது எல்லாம் தலைகாயம் கட்டு போட்ட மாதிரி இருந்துச்சுன்னு பிரிச்சே போட்டுட்டா. மியூசியம் போனோம், பையன் அங்க பீரங்கிய விட்டு நகரவே இல்ல. தொப்பி ஆறு தரையில கிடக்கு.

கொசப்பேட்டை_கொலு (ஞாயிறு, 11:05)

கண்ணு வரைஞ்சியா?

பெரம்பூர்_லோகோ (ஞாயிறு, 11:07)

ஒருத்தனுக்கு மட்டும் வரைஞ்சேன் அக்கா. பேயறைஞ்ச மாதிரிதான் இருக்கான்.

கோட்டை_அகழி (ஞாயிறு, 11:15)

சூப்பர் சார். ஆனா புரட்சிய அடக்க ஆற்காட்லேர்ந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படைய கூட்டிட்டு வந்தாரே, அவங்கள காணோமே?

பெரம்பூர்_லோகோ (ஞாயிறு, 11:21)

பையனும் அதையேதான் இப்போ கேட்டான். குதிரை ஒண்ணு இருக்கு. டம்ளர்ல போட்டேன், மிதக்குது. ஃபெவிகால் எங்கன்னு தேடிட்டு இருக்கேன்.