சனிக்கிழமைப் படம்: தி சர்ச்சர்ஸ் (குடும்பக் குழு)

பெரியப்பா: எல்லாரும் பார்த்தாச்சா? 1956ல வந்த படம்! டெக்சாஸ் கதைன்னாலும் ஜான் ஃபோர்டு எடுத்தது யூட்டா-அரிசோனா எல்லைல இருக்கிற மானுமென்ட் பள்ளத்தாக்குல. அந்தச் செம்பாறை ஒவ்வொண்ணும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

செல்வி அத்தை: பார்த்தேண்ணா. ஈதனா வர்ற ஜான் வெய்ன் தன் சகோதரன் மக டெபியைத் துரத்தினப்ப கொன்னுடுவான்னே நினைச்சேன். ரெண்டு கையால தூக்கி அணைச்சான் பாருங்க, அழுதுட்டேன்.

நித்யா: எனக்கு அங்கதான் அத்தை கோபம் வந்துச்சு. கொமாஞ்சிங்கிற அமெரிக்கப் பழங்குடி ஜனங்க தூக்கிட்டுப் போனப்ப அவ சின்னப் பொண்ணு. வளர்ந்தப்புறம் தேடி வந்த வளர்ப்பு அண்ணன் மார்ட்டின்கிட்ட, இவங்கதான் என் ஜனம், நீ போயிடுங்கிறா. அப்புறம் அவன் கூடாரத்துக்குள்ள வந்ததும் வர்றேன்னு கிளம்பிடறா. நடுவுல என்ன மாறுச்சு? படம் சொல்லவே இல்ல.

பெரியப்பா: ஆமாம்மா, பெரிய குறைதான். ஆனா மார்ட்டினைப் பாரு. அவனுக்கு எட்டுல ஒரு பங்கு செரோக்கிப் பழங்குடி ரத்தம். ஈதன் அதைச் சொல்லியே குத்துவான். ஆனா டெபிக்கு நேரா ஈதன் துப்பாக்கி எடுத்தப்ப குறுக்க நின்னது அவன்தானே.

கார்த்தி: அந்த மார்ட்டின்தான் பெரியப்பா, விவரம் தெரியாம கட்டிக்கிட்ட கொமாஞ்சிப் பொண்ணை மேட்டுலேர்ந்து உதைச்சு உருட்டறான். அதைச் சிரிப்புக் காட்சியா வச்சிருக்காங்க. அப்புறம் குதிரைப்படை அவளைக் கொன்னுடுது. என்னால ஏத்துக்க முடியல.

நித்யா: சரியாச் சொன்னே கார்த்தி. டெபி மாதிரியே சிந்தியா ஆன் பார்க்கர்னு ஒருத்தங்க நிஜமாவே இருந்தாங்க. 1836ல டெக்சாஸ்ல பார்க்கர் கோட்டையைத் தாக்கி அவங்களைக் கொமாஞ்சிங்க தூக்கிட்டுப் போனாங்க. அப்ப ஒன்பது வயசு இருக்கும். பீட்டா நொகோனாங்கிற தலைவரைக் கட்டிக்கிட்டு மூணு குழந்தை. 1860 டிசம்பர்ல டெக்சாஸ் ரேஞ்சர்கள்ங்கிற மாகாணப் படை 'மீட்டு'ட்டு வந்தாங்க.

செல்வி அத்தை: சொந்தக்காரங்ககிட்ட சேர்ந்துட்டாங்களா?

நித்யா: இருக்கவே பிடிக்கல அத்தை. திரும்பப் போகப் பல தடவை முயற்சி பண்ணாங்க, விடல. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி ஒரு போட்டோ இருக்கு. முடி ஒட்ட வெட்டியிருக்கும். கொமாஞ்சி வழக்கத்துல அது துக்கத்துக்கு அடையாளம். அந்தக் குழந்தையும் கொஞ்ச வருஷத்துல நோய் வந்து போயிடுச்சு. படம் டெபியை வாசல்ல கொண்டுவந்து விட்டுட்டு முடிஞ்சுடுது. இவங்களோட நிஜமான கஷ்டமே வீடு வந்தப்புறம்தான்.

செல்வி அத்தை: ஐயோ பாவமே. மத்த பிள்ளைங்க?

நித்யா: மூத்தவன் குவானா பெரிய கொமாஞ்சித் தலைவர் ஆனாரு. 1875ல அரசாங்கத்துகிட்ட சரணடைஞ்சு, ஓக்லஹோமா பக்கம் ரிசர்வேஷன்ல, அதாவது பழங்குடிகளுக்குன்னு அரசாங்கம் ஒதுக்கின நிலத்துல, வாழ்ந்தாரு. அம்மா குடும்பப் பேரான பார்க்கரைக் கடைசிவரைக்கும் விடல. அம்மாவோட எலும்பை 1910ல டெக்சாஸ்லேர்ந்து கொண்டுவந்து தன் ஊர்ப் பக்கம் புதைச்சாரு. மறுவருஷம் அவரையும் பக்கத்துலயே அடக்கம் பண்ணாங்க.

பெரியப்பா: இதை அந்த அம்மா பக்கத்துலேர்ந்து ஒருத்தர் எடுக்கணும்மா, கொமாஞ்சி நடிகர்களை வச்சே. இந்தப் படத்துல கொமாஞ்சித் தலைவனா வர்றவரே ஜெர்மனியில பிறந்த ஹென்றி பிராண்டன். கூட்டத்துல நிக்கிறவங்க நவாஹோங்கிற வேற பழங்குடி ஜனம்.

கார்த்தி: அக்கா, அந்த போட்டோவைக் குரூப்ல போடுங்க.