ரிப்பன் புழுக்களை ஊசி இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தது போதாதா?

கடல்நண்டு: பெரும்பாலும் கடலில் வாழும் ரிப்பன் புழுக்களை வகைப்படுத்துவது பழைய பாடப்புத்தகத்தில் எளிதாக இருந்தது. இரை பிடிக்க நீட்டும் துதிக்கையில் ஊசி இல்லை என்றால் அனோப்லா, இருந்தால் ஏனோப்லா, இரண்டே வகுப்பு. இப்போது ஊசி இல்லாதவற்றை பேலியோநெமர்டியா, பிலிடியோஃபோரா என்று இரண்டாக்கி, ஊசிக்காரர்களை ஹோப்லோநெமர்டியா என்று சொல்லி, மொத்தம் மூன்றாக்கிவிட்டார்கள். புழுவைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே லேசாக அழுத்தி நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசி தெரிந்துவிடும், பக்கத்துப் பைகளில் மாற்று ஊசிகள்கூடத் தயாராக இருக்கும். இதைவிடத் தெளிவான அடையாளம் எதற்கு?

முள்தோலி: ஊசி இருப்பது ஓர் அடையாளம்தான், ஒத்துக்கொள்கிறேன். இல்லாதது எப்படி அடையாளமாகும்? வால் இல்லை என்பதற்காகத் தவளையையும் மனிதனையும் ஒரே வகுப்பில் போடுவீர்களா? மரபணு ஒப்பீட்டில் பிலிடியோஃபோரா ஊசிக்காரர்களுக்குத்தான் நெருக்கம், பேலியோநெமர்டியாவுக்கு அல்ல. ஆக அனோப்லா என்பது மிச்சம் மீதியை அள்ளிப் போட்ட கூடை. அப்புறம் மாலகோப்டெல்லா? சிப்பிக்குள் குடியிருந்து, நீரில் வருவதை வடிகட்டித் தின்னும் புழு, ஊசியே கிடையாது. அதை ஏனோப்லாவில்தானே வைத்திருந்தீர்கள்?

கடல்நண்டு: அங்கேதான் அவசரப்படுகிறீர்கள். பழையவர்கள் ஊசியை மட்டுமா பார்த்தார்கள்? வாயும் துதிக்கையும் ஒரே துளை வழியாக வெளியே வருகிறதா, தனித்தனியா என்றும் பார்த்தார்கள். மாலகோப்டெல்லாவுக்கு ஒரே துளை, அதனால் சரியான இடத்தில்தான் வைத்தார்கள். உங்கள் மரபணுவும் அதையே சொல்கிறது.

முள்தோலி: சரி, அது உங்களுக்கு ஒரு புள்ளி. ஆனால் தனித்தனித் துளை என்பதும் மூதாதையிடமிருந்து வந்த பழைய அமைப்புதான் என்றால், அதை வைத்து அனோப்லாவைக் காப்பாற்ற முடியாதே. பிலிடியோஃபோராவுக்குப் பெயர் தந்த பிலிடியம் என்ற லார்வாவை, அதாவது இளம்பருவத்தைப் பாருங்கள்: காதுமடல் தொங்கும் குல்லா மாதிரி மிதக்கும், அதற்குள் தனித்தனித் தட்டுகளாகத் தோன்றும் திசுக்கள் ஒன்றுசேர்ந்து குட்டிப்புழு ஆகும், கடைசியில் அந்தக் குட்டி வெளியே வந்து, பெரும்பாலும் தன்னைச் சுமந்த லார்வாவையே தின்றுவிடும். இப்படி ஒன்று இரண்டு தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

கடல்நண்டு: கதை நன்றாகத்தான் இருக்கிறது. அதே பிலிடியோஃபோராவைச் சேர்ந்த லினியஸ் விரிடிஸ் முட்டைக் கூட்டுக்குள்ளேயே வளர்ந்துவிடுகிறதே, அதற்கு ஏது குல்லா?

முள்தோலி: குல்லா இல்லை, தட்டுகள் இருக்கின்றன. நீந்துவதை விட்டுவிட்டது, வளரும் முறையை விடவில்லை.

அலைவிரும்பி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ரிப்பன் புழு என்றால் நாடாப்புழு, குடலில் ஒட்டுண்ணியாக இருப்பதுதானே? அது 55 மீட்டர் வளரும் என்கிறார்களே, உண்மையா?

கடல்நண்டு: அது வேறு, இது வேறு. அதனால்தான் நாங்கள் ரிப்பன் புழு என்கிறோம். குடல்புழு தட்டைப்புழுக்களைச் சேர்ந்தது, அதற்கு வாயே கிடையாது. இதற்கு வாய் முதல் மலத்துளை வரை முழுக் குடல் உண்டு, மூடிய ரத்தக்குழாய்களும் உண்டு. 55 மீட்டர் என்பது 1864இல் ஸ்காட்லாந்துக் கரையில் ஒதுங்கிய லினியஸ் லாங்கிஸிமஸ் என்ற ரிப்பன் புழுவைப் பற்றிய கணக்கு. இந்தப் புழு ரப்பர் மாதிரி இழுபடும், ஆகவே அந்த எண்ணை நான் நம்புவதில்லை.

முள்தோலி: இதில் மட்டும் நானும் உங்கள் கட்சி. ஆனால் ஒன்று கேட்கிறேன், பாதுகாத்து வைக்க ஆல்கஹாலில் போட்டதும் நிறம் போய், உடம்பு சுருங்கி, சில சமயம் துதிக்கையையே கக்கிவிடும் புழுவில் ஊசியை எங்கே தேடுவீர்கள்?

கடல்நண்டு: கக்கிய துதிக்கையில்தான்! உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்து, ஒரு துண்டை மரபணுவுக்கு ஒதுக்கச் சொல்வீர்கள், தெரியும். ஒதுக்குகிறேன். ஆனால் முதலில் ஊசியைத்தான் பார்ப்பேன்.